கறை இல்லாத தரை

(சங்கத்தின் ஐம்பதாம் ஆண்டு நிறைவையொட்டி மகளிர் பகுதி சுங்கை பட்டாணியில் நடத்திய குடும்ப நாளில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)





சற்று முன்பு ஒலிபெருக்கியில் ஒரு தம்பி, அழுகிற பிள்ளைகளைத் தாய்மார்கள் கொஞ்சம் வெளியே தூக்கிக்கொண்டு போகும்படி கேட்டுக்கொண்டார். உடனே அந்த ஓரத்தில் ஒரு மகள் எழுந்தாள். ஒரு கையில் கைக்குழந்தை, இன்னொரு கையில் பை, பின்னால் முந்தானையைப் பிடித்துக்கொண்டு இன்னொன்று. முகமெல்லாம் வெட்கம். நான்தான் கையைக் காட்டி உட்காரச் சொன்னேன். தம்பி என்மீது வருத்தப்பட வேண்டாம். அல்லாஹ்வின் தூதர் (ஸல்) அவர்கள் தொழுகை நடத்தும்போது பிள்ளை அழும் சத்தம் கேட்டால், நீட்டித் தொழ நினைத்திருந்தாலும் சுருக்கிக்கொள்வார்கள். அந்தத் தாயின் மனம் என்ன பாடுபடும் என்று அவர்களுக்குத் தெரியும். இது ஸஹீஹுல் புகாரியில் உள்ள செய்தி. தாயையும் பிள்ளையையும் வெளியே போகச் சொல்லவில்லை, தொழுகையைத்தான் சுருக்கினார்கள். என் பேச்சு தொழுகையைவிடப் பெரியது இல்லை. பிள்ளை அழுதால் நான் சுருக்கிக்கொள்கிறேன். உங்களுக்கும் சந்தோஷமாக இருக்கும்.

எனக்குக் கொடுத்த தலைப்பு ‘முன்மாதிரித் தாய்’. ஒரு வாரம் யோசித்தேன். ஐந்து பிள்ளைகளை வளர்த்தவள், பிறகு இருபது ஆண்டுகள் பாலர் பள்ளியில் ஊரார் பிள்ளைகளோடு இருந்தவள் என்பதால் கொடுத்திருக்கிறீர்கள். ஆனால் அந்தத் தலைப்பில் பேச எனக்கு யோக்கியதை இல்லை. ஏன் இல்லை என்பதைச் சொன்னால் யாருக்காவது உதவும் என்று நினைத்து வந்திருக்கிறேன்.

நம் சங்கத்துக் குடும்பங்களில் பாதிக்கு மேல் ஏதோ ஒரு தோட்டத்தின் பெயரைச் சொல்லும். ஹார்வர்ட், சுங்கை பத்து, ஸ்கார்பரோ, பத்தானி பாரா, பாடாங் செராய் பக்கம் ஹென்ரியட்டா, விக்டோரியா. நம்மவர்களில் பால் வெட்டியவர்கள் குறைவு. பெரும்பாலும் தோட்டத்துக் கடை வைத்தவர்கள், சைக்கிளில் துணியும் ரொட்டியும் விற்றவர்கள். என் வாப்பா தொண்டிப் பக்கத்திலிருந்து ரஜுலா கப்பலில் பினாங்குக்கு வந்து இறங்கி, யார் யார் கடையிலோ மூட்டை தூக்கி, கடைசியில் பீடோங்கிலிருந்து உள்ளே போகும் ஒரு தோட்டத்தில் மளிகைக் கடை வைத்தார்கள். முன்பக்கம் கடை, பின்பக்கம் இரண்டு அறை. அந்த இரண்டு அறையில்தான் நாங்கள் எட்டுப் பிள்ளைகள்.

அந்த வீட்டை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். அரிசி மூட்டைக்கும் மண்ணெண்ணெய் டின்னுக்கும் நடுவில் ஒரு தம்பி தூங்குவான். கருவாட்டு வாடையும் சாம்பிராணி வாடையும் ஒன்றாக வீசும். உம்மா ஒரு காலால் தூளியை ஆட்டிக்கொண்டே கடைக்கு வந்தவருக்கு 555 நோட்டில் பற்று எழுதுவார்கள். எழுத்து கோணலாக இருக்கும், கணக்கு கோணாது. வாப்பா சாமான் வாங்க டவுனுக்குப் போகும் நாளில் சமையல் என்று ஒன்று இருக்காது. ஆளுக்கு ஒரு பிடி பிஸ்கட், ஒரு குவளை கோப்பி. யாரும் அதைப் பெரிய குறையாக நினைக்கவில்லை.

இரவில் உம்மா விளக்கைத் தணிப்பதற்கு முன் பாயில் தலைகளை எண்ணுவார்கள். ஒரு நாள் ஏழுதான் இருந்தது. எட்டாவது தலை எங்கே? மூன்றாவது தம்பியைக் காணோம். டார்ச் லைட்டை எடுத்துக்கொண்டு வாப்பா லயத்துப் பக்கம் ஓடினார்கள். நாலாவது வீட்டில் முனியம்மாவோ காளியம்மாவோ, பெயர் இப்போது ஞாபகம் இல்லை, அந்த அம்மாவின் பிள்ளைகளோடு வரிசையில் படுத்து இவனும் தூங்குகிறான். “இருக்கட்டும் பாய், காலையில வரட்டும், தூங்குற புள்ளைய எழுப்பாதீங்க” என்றார்கள் அந்த அம்மா. வாப்பாவும் திரும்பி வந்துவிட்டார்கள். மறுநாள் காலை அந்த வீட்டுப் பையனின் சட்டையை மாட்டிக்கொண்டு வந்து சேர்ந்தான். அந்தச் சட்டை எங்கள் வீட்டிலேயே தங்கிவிட்டது. எங்கள் சட்டை அங்கே தங்கிவிட்டது.

விடியற்காலை ஐந்தரைக்குப் பெரட்டு முடிந்து பால் வெட்டப் போகும் தாய்மார்கள் கைக்குழந்தைகளை ஆயாக் கொட்டகையில் விட்டுப் போவார்கள். நீளமான கொட்டகை. உத்தரத்தில் வரிசையாகப் புடவைத் தூளிகள் தொங்கும். ஆயா ஒரு கயிற்றை இழுத்தால் நாலு தூளி ஆடும். கடைக்காரர் பிள்ளைகளுக்கு அங்கே இடம் இல்லை என்பது நிர்வாகத்தின் கணக்கு. ஆயாவின் கணக்கு வேறு. உம்மாவுக்குக் காய்ச்சல் என்றால் எங்கள் கடைசித் தங்கையும் அங்கே ஒரு தூளியில் ஆடும். உம்மா பதிலுக்கு ஒரு பொட்டலம் சீனியும் தேயிலையும் கொடுத்தனுப்புவார்கள்.

இதைச் சொல்லும்போது அந்தக் காலம் பொற்காலம் என்று சொல்ல வருகிறேன் என்று நினைக்காதீர்கள். உம்மா பெற்றது எட்டு இல்லை, ஒன்பது. ஒன்று ஆறு மாதத்தில் காய்ச்சலில் போனது. லாரி கிடைத்து டவுன் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்வதற்குள் முடிந்துவிட்டது. நாடு சுதந்திரம் அடைந்த 1957இல், தீபகற்பத்தில் பிறந்த 1,000 பிள்ளைகளில் சுமார் 75 பிள்ளைகள் ஒரு வயது முடிவதற்குள் இறந்தன. இன்று அந்த எண்ணிக்கை பத்துக்கும் கீழே. தடுப்பூசிக்கும் கிளினிக்கில் இருக்கும் மிஸ்ஸிமார்களுக்கும் நாம் செய்ய வேண்டிய துஆ நிறைய இருக்கிறது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அந்த வீடு சாய்ந்துவிடாமல் நின்றதற்கு ஒரு விலை இருந்தது. அதைக் கொடுத்தது என் மூத்த லாத்தா. ஆறாம் வகுப்போடு படிப்பு நின்றது. பள்ளிக்கூடத்து வாத்தியார் வாப்பாவிடம் வந்து, பிள்ளை நன்றாகப் படிக்கிறாள், சுங்கை பட்டாணிக்கு அனுப்புங்கள் என்று இரண்டு முறை சொன்னார். வாப்பா தலையாட்டினார்கள். அனுப்பவில்லை. லாத்தா கையில் அடுத்த தம்பியைக் கொடுத்தார்கள். எனக்குத் தலை வாரியது லாத்தா, அலிஃப் பே சொல்லிக் கொடுத்தது லாத்தா, ரோத்தானோடு உம்மா வந்தால் பாதி அடியைத் தன் முதுகில் வாங்கியதும் லாத்தா. ஒரு பெருநாள் அன்று எல்லோரும் கூடியிருந்தபோது யாரோ, “உம்மா எட்டுப் பிள்ளைகளை வளர்த்தாங்க” என்று பெருமையாகச் சொன்னார்கள். லாத்தா சிரித்துக்கொண்டே, “உம்மாவுக்கு எட்டு, எனக்கு ஏழு” என்றார்கள். நாங்களும் சிரித்தோம். அது சிரிக்கிற விஷயம் இல்லை என்று எனக்குப் புரிய இன்னும் பல வருடம் ஆனது.

1969இல் வேலை பெர்மிட் சட்டம் வந்தது உங்களில் மூத்தவர்களுக்கு நினைவிருக்கும். சிவப்பு ஐ.சி. வைத்திருந்தவர்களுக்குத் தோட்டத்தில் வேலை இல்லை என்றானது. லயத்தில் வீடு வீடாகக் காலியானது. அந்த ஆயாவும் கப்பலேறினார்கள். என் தம்பி சட்டை மாற்றிக்கொண்டு வந்த வீடும் காலியானது. போகும்போது 555 நோட்டில் இருந்த பற்றை ஒரு காசு பாக்கி இல்லாமல் தீர்த்துவிட்டுப் போனவர்கள் அவர்கள். கடை சுருங்கியது. நாங்களும் இரண்டு வருடத்தில் டவுனுக்கு வந்துவிட்டோம்.

இனி என் கதை.

1980இல் எனக்கு நிக்காஹ். சுங்கை பட்டாணியில் ஒரு தாமானில் வரிசை வீடு. 1982இல் மூத்த மகள். 1990க்குள் ஐந்து பிள்ளைகள். நாட்டின் மக்கள்தொகை ஒரு நாள் 70 மில்லியன் ஆக வேண்டும் என்று அன்றைய பிரதமர், நம் அலோர் ஸ்டாரில் பிறந்தவர், பேசிக்கொண்டிருந்த காலம். என் பங்குக்கு நான் குறை வைக்கவில்லை! என் வீட்டுக்காரருக்கு நாசி கண்டார் கடை. அதிகாலை மார்க்கெட்டுக்குப் போனால் இரவு ஒரு மணிக்குத்தான் வருவார். ஆக, வீட்டில் நானும் ஐந்து பிள்ளைகளும்.

உம்மாவுக்கு இருந்த நாலாவது வீடு எனக்கு இல்லை. ஆயாக் கொட்டகை இல்லை. வாசலில் இரும்புக் கதவு, அதற்கு ஒரு பூட்டு. பக்கத்து வீட்டில் நல்ல மனிதர்கள்தான், ஆனால் அவர்கள் வீட்டுக்கும் பூட்டு. உம்மா ஒரு தோட்டத்தையே துணைக்கு வைத்துக்கொண்டு செய்ததை நான் தனியாகச் செய்தேன். அதோடு, உம்மா கனவிலும் நினைக்காத ஒன்றையும் சேர்த்துக்கொண்டேன். வீடு பளிச்சென்று இருக்க வேண்டும். கடை வீட்டில் கருவாட்டு வாடையில் வளர்ந்தவள் என்று யாரும் சொல்லிவிடக் கூடாது. மாமி வந்தால் அலமாரியின் மேல்தட்டில் விரலை வைத்துப் பார்ப்பார்கள். பார்க்கட்டும் என்று விட எனக்குத் தெரியவில்லை. ஒரு நாளைக்கு இரண்டு முறை தரை துடைப்பேன். சோபாவுக்கு வெள்ளை உறை. ஐந்து பிள்ளை உள்ள வீட்டில் வெள்ளை உறை! இப்போது நினைத்தால் எனக்கே சிரிப்பு வருகிறது. பிள்ளைகள் விளையாடினால் சத்தம் போடுவேன், சிந்தினால் சத்தம் போடுவேன். விருந்தாளிகள், “அஞ்சு பிள்ளைங்க இருக்கிற வீடு மாதிரியே இல்லையே” என்பார்கள். அதைவிட எனக்கு வேறு பாராட்டு தேவைப்படவில்லை.

1991 ரமலான். மகளுக்கு ஒன்பது வயது. மாமி வீட்டார் நோன்பு திறக்க வருகிறார்கள். கடைசிப் பிள்ளை இடுப்பில், அதற்கு மூத்தது பேதியாகி அழுகிறது. நோன்புக் கஞ்சியை இறக்கிவைத்துவிட்டு, “தரையில ஒரு சொட்டு விழுந்துச்சுன்னா பாரு” என்று மகளிடம் சொல்லிவிட்டு நான் பிள்ளையைக் கழுவப் போனேன். அவள் பக்கத்து வீட்டுக்குக் கொடுக்க ஒரு சட்டியில் கஞ்சியை ஊற்றியிருக்கிறாள். சட்டி சரிந்து முன்கையில் கொட்டிவிட்டது.

எனக்கு ஒரு சத்தமும் கேட்கவில்லை. விருந்தாளிகள் வந்தார்கள், நோன்பு திறந்தோம், மஃரிப் தொழுதோம். மகள் தெலெகோங்கைப் போட்டவள் கழற்றவே இல்லை. எவ்வளவு பக்குவமான பிள்ளை என்று மாமி பாராட்டினார்கள். எனக்குப் பெருமையாக இருந்தது. எல்லோரும் போன பிறகு, இரவு பத்து மணிக்கு, உடுப்பை மாற்றச் சொல்லித் தெலெகோங்கை இழுத்தேன். அது அவள் கையோடு ஒட்டிக்கொண்டு வரவில்லை.

அப்போது அவள் சொன்னது இதுதான்: “தரையைத் துடைச்சிட்டேன் உம்மா. கறை இல்ல.”

(இந்த இடத்தில் என்னால் கொஞ்ச நேரம் பேச முடியவில்லை. மகளிர் பகுதித் தலைவி தண்ணீர் கொடுத்தார்.)

கிளினிக்கில் டாக்டர், எப்போது கொட்டியது என்று கேட்டார். நாலு மணி நேரத்துக்கு முன் என்று சொன்னபோது என்னை ஒரு பார்வை பார்த்தார். ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருக்கலாம். இளம் தாய்மார்களுக்கு இதைச் சொல்லிவிடுகிறேன். சுடுநீரோ எண்ணெயோ கொட்டினால் உடனே குழாயைத் திறந்து ஓடும் தண்ணீரில் 20 நிமிடம் பிடிக்க வேண்டும். ஐஸ் வைக்கக் கூடாது. பற்பசை, கிச்சாப், வெண்ணெய் எதையும் பூசக் கூடாது. பிறகு சுத்தமான துணியால் தளர்வாக மூடி டாக்டரிடம் போக வேண்டும். அந்த 20 நிமிடத்தை என் மகள் தரை துடைக்கச் செலவழித்தாள். தழும்பு இன்றும் இருக்கிறது.

அன்று இரவு எனக்கு லாத்தாவின் ஞாபகம் வந்தது. “எனக்கு ஏழு.” வாப்பா ஒரு பிள்ளையின் படிப்பை நிறுத்திக் குடும்பத்தை ஓட்டினார்கள் என்று மனதுக்குள் நான் குறை சொல்லிக்கொண்டிருந்தவள். நான் செய்தது மட்டும் என்ன? என் வீட்டில் குறையே இல்லாமல் இல்லை. அந்தக் குறையை வந்தவர்கள் கண்ணில் படாமல் மறைக்கிற வேலையை ஒன்பது வயதுப் பிள்ளையிடம் கொடுத்திருந்தேன். உம்மாவின் வீட்டில் குறை வாசலிலேயே கிடக்கும், யாரும் தாண்டிப் போகலாம். என் வீட்டில் அது தெலெகோங்குக்கு அடியில் இருந்தது.

நம் வீடுகளில் ஃபாத்திமா (ரலி) அவர்களைப் போல வாழச் சொல்லிப் பெண்பிள்ளைகளுக்குச் சொல்வோம். சொல்கிறவர்கள் பாதியைத்தான் சொல்கிறார்கள் என்று எனக்குத் தோன்றும். திருகை சுற்றிச் சுற்றி அவர்களின் கை காய்த்துப் போனது. “என்னால் முடியவில்லை” என்று அவர்கள் மறைக்கவில்லை. வாப்பாவிடம் ஒரு பணியாளைக் கேட்கப் போனார்கள். வாப்பா வீட்டில் இல்லை, ஆயிஷா (ரலி) அவர்களிடம் சொல்லிவிட்டு வந்தார்கள். இரவில் படுத்துவிட்ட பிறகு நபி (ஸல்) அவர்களே மகள் வீட்டுக்கு வந்தார்கள். எழுந்திருக்கப் போனவர்களை, அப்படியே இருங்கள் என்று சொல்லி, மகளுக்கும் மருமகனுக்கும் நடுவில் உட்கார்ந்தார்கள். அவர்களின் பாதத்தின் குளிர்ச்சி தன் நெஞ்சில் பட்டதை அலீ (ரலி) அவர்கள் பிறகு எடுத்துச் சொல்லியிருக்கிறார்கள். பணியாளைக் கொடுக்கவில்லை. படுக்கப் போகும்போது ஓத 33, 33, 34 என்று நமக்கெல்லாம் தெரிந்த தஸ்பீஹைக் கொடுத்தார்கள். நாம் தஸ்பீஹை மட்டும் பிடித்துக்கொண்டோம். கை வலிக்கிறது என்று ஒரு மகள் வாய் திறந்து சொல்ல முடிந்ததையும், கேட்டவுடன் ஒரு தகப்பன் இரவோடு இரவாக வந்து உட்கார்ந்ததையும் விட்டுவிட்டோம். என் மகளால் என்னிடம் அதைச் சொல்ல முடியவில்லையே!

இன்னொரு செய்தியும் புகாரியில் இருக்கிறது. நபி (ஸல்) அவர்கள் தம் மனைவியரில் ஒருவர் வீட்டில் இருந்தபோது, இன்னொரு மனைவி ஒரு தட்டில் உணவு கொடுத்தனுப்பினார்கள். வீட்டிலிருந்தவர் கொண்டுவந்தவரின் கையைத் தட்டிவிட, தட்டு விழுந்து உடைந்தது. விருந்தாளிகள் எதிரில் நடந்தது. நம் வீட்டில் என்றால் என்ன ஆகியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். அவர்கள் குனிந்து உடைந்த துண்டுகளைச் சேர்த்தார்கள், சிந்திய உணவை அதில் எடுத்து வைத்தார்கள், உங்கள் தாய்க்கு ரோஷம் வந்துவிட்டது என்று மட்டும் சொன்னார்கள். பிறகு அந்த வீட்டிலிருந்தே ஒரு நல்ல தட்டை எடுத்து, தட்டை இழந்தவருக்குக் கொடுத்தனுப்பினார்கள். உடைந்த தட்டு உடைந்த வீட்டிலேயே இருந்தது. கூச்சல் இல்லை. ஆனால் நஷ்டத்துக்குக் கணக்கும் தீர்ந்தது. இதற்குப் பிறகு என் வீட்டில் கண்ணாடி உடைந்தால், “காலை எடுக்காத, அங்கேயே நில்லு, நான் கூட்டுறேன்” என்பதுதான் முதல் வார்த்தையாக இருக்க வேண்டும் என்று எனக்கு நானே சட்டம் போட்டுக்கொண்டேன். பத்துத் தடவையில் ஏழு தடவை அந்தச் சட்டம் நின்றது. மூன்று தடவை பழைய சத்தம்தான் வந்தது. வந்த அன்று, படுக்கப் போகும் முன் பிள்ளையிடம் போய், உம்மா கத்தினது தப்பு என்று சொல்லிவிடுவேன். எங்கள் தலைமுறையில் தாய் பிள்ளையிடம் தப்பு என்று சொல்வது கிடையாது. முதல் முறை சொன்னபோது என் இரண்டாவது மகன், எனக்கு உடம்பு சரியில்லையா என்று கேட்டான்.

பாலர் பள்ளி வேலைக்குப் போனபோது பயிற்சியில் ஒரு பெயர் சொன்னார்கள். வின்னிகாட் என்று ஒரு ஆங்கிலேயக் குழந்தை மருத்துவர். லண்டனில் நாற்பது ஆண்டுகள் தாய்மார்களையும் பிள்ளைகளையும் பார்த்தவர். 1940களிலேயே பிபிசி வானொலியில் தாய்மார்களுக்காகப் பேசியவர். பிள்ளைக்குக் குறையே இல்லாத தாய் தேவையில்லை, போதுமான அளவுக்கு நல்ல தாய் போதும் என்பது அவர் கருத்து. கைக்குழந்தையாக இருக்கும்போது தாய் கிட்டத்தட்ட எல்லாவற்றுக்கும் ஓடி வருகிறாள். பிள்ளை வளர வளர, தாங்கும் அளவுக்குக் கொஞ்சம் கொஞ்சமாகப் பிந்துகிறாள், தவறுகிறாள். அந்தச் சின்னச் சின்னத் தவறுகளில்தான் பிள்ளை, உலகம் தன் இஷ்டப்படி சுற்றாது என்று கற்றுக்கொள்கிறது என்கிறார். என் உம்மா பிஸ்கட்டும் கோப்பியும் கொடுத்து அதைத்தான் செய்தார்கள். உம்மாவுக்கு பிபிசி எல்லாம் தெரியாது.

ஆனால் இதைக் கேட்டுவிட்டு, எல்லாவற்றையும் விட்டுவிடலாம் போலிருக்கிறது என்று யாரும் வீட்டுக்குப் போக வேண்டாம். நான் விட்டது வெள்ளை உறை, இரண்டாவது தடவை துடைப்பது, சட்டைக்கு இஸ்திரி, மூன்று வகைக் கறி. வாரத்தில் இரண்டு நாள் கடையிலிருந்து தால்சாவும் சோறும் வரட்டும் என்றேன். நாசி கண்டார் கடைக்காரன் பெண்டாட்டி வீட்டில் சமைப்பதில்லை என்று ஊர் பேசும் என்று அதுவரை பயந்திருந்தேன். பேசினார்கள்தான். சோறு நன்றாக இருந்தது. விடாதது என்னவென்றால், ஊசி போடும் தேதி, அடுப்புப் பக்கம் சின்னதுகள் போகாமல் ஒரு தடுப்புப் பலகை, மதரஸா, இரவு ஒன்பது மணித் தூக்கம். மூத்தவள் பாடப் புத்தகத்தை எடுத்துவிட்டால் அவளை வேலை ஏவக் கூடாது என்றும் வைத்தேன். தம்பி அழுதால் நானே ஓட வேண்டும். நான் வர நேரமானால் அவன் கொஞ்சம் அழட்டும்.

என் வீட்டுக்காரர் அந்த இரவு மகளின் கையைப் பார்த்துவிட்டு ஒன்றும் பேசவில்லை. அடுத்த வாரத்திலிருந்து அஸருக்குப் பிறகு அரை மணி நேரம் கடையை ஆளிடம் விட்டுவிட்டு வீட்டுக்கு வர ஆரம்பித்தார். ஐந்தையும் வரிசையாக நிறுத்திக் குளிப்பாட்டுவார். பாதித் தண்ணீர் கூடத்துக்கு வந்துவிடும். வரட்டும் என்று விட்டேன். பின்வரிசையில் கைகட்டி உட்கார்ந்திருக்கும் தம்பிமார்களுக்கும் சொல்கிறேன். நபி (ஸல்) அவர்கள் வீட்டில் என்ன செய்வார்கள் என்று கேட்டதற்கு ஆயிஷா (ரலி) அவர்கள், குடும்பத்தாரின் வேலையில் இருப்பார்கள், தொழுகை நேரம் வந்தால் புறப்படுவார்கள் என்று சொன்னார்கள். பேத்தி உமாமாவைத் தூக்கிக்கொண்டே தொழுதார்கள், ஸுஜூதுக்குப் போகும்போது இறக்கிவிட்டு, எழும்போது மறுபடி தூக்கிக்கொண்டார்கள். நீங்கள் தொழும்போது தூக்க வேண்டாம். இப்போது, இந்தக் கூட்டத்தில், கொஞ்சம் தூக்குங்கள். அந்த ஓரத்து மகள் இரண்டு பிள்ளையோடு இன்னும் ஒரு வாய்ச் சோறு சாப்பிடவில்லை. யார் வீட்டுக்காரர் என்று பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

மாமிமார்களுக்கும் ஒரு வார்த்தை. எனக்கும் இப்போது மூன்று மருமகள்கள். போன வருடம் ஒருத்தி வீட்டுக்குப் போயிருந்தபோது, என்னை அறியாமல் என் விரல் அலமாரியின் மேல்தட்டுக்குப் போனது. முப்பது வருடத்துக்கு முன் எந்த விரலுக்குப் பயந்தேனோ, அதே விரல் என் கையில் முளைத்திருந்தது! தூசு இருந்தது. விரலைச் சேலையில் துடைத்துவிட்டு, பேரனை வாங்கிக்கொண்டு, போய்க் கொஞ்ச நேரம் படு என்று மருமகளிடம் சொன்னேன். அவள் என்னைச் சந்தேகமாகப் பார்த்துக்கொண்டே போனாள்.

இன்று மலேசியாவில் ஒரு தாய்க்குச் சராசரியாக இரண்டு பிள்ளைகூட இல்லை. ஆனால் நம் குடும்பங்களில் இன்னும் நாலு, ஐந்து என்று இருக்கிறது, அல்ஹம்துலில்லாஹ். அந்தத் தாய்மார்கள் பலர் வேலைக்கும் போகிறார்கள். காலையில் ஒன்று தாஸ்காவுக்கு, ஒன்று தாடிக்காவுக்கு, இரண்டு பள்ளிக்கு. கையில் கைப்பேசி. அதில் யாரோ ஒருத்தியின் வீடு, வெள்ளைச் சுவர், மடிப்புக் கலையாத பிள்ளைகள். என் காலத்தில் மாமி மாதத்துக்கு ஒரு முறைதான் வருவார்கள். இவர்களுக்கு அந்த விரல் நாள் முழுக்க நீட்டியபடி இருக்கிறது. அதனால்தான் சங்கத்திடம் ஒன்று கேட்கிறேன். ஐம்பது ஆண்டில் உபகாரச் சம்பளம் கொடுத்திருக்கிறோம், ஜனாஸா நிதி வைத்திருக்கிறோம், இப்தார் நடத்துகிறோம். வாரத்தில் ஒரு நாள், ஞாயிறு காலை மூன்று மணி நேரம், இந்த மண்டபத்தைச் சின்னப் பிள்ளைகளுக்குத் திறந்துவிடுங்கள். என்னைப் போன்ற கிழவிகள் ஆறேழு பேர் இருக்கிறோம், பார்த்துக்கொள்கிறோம். தாய்மார்கள் தூங்கட்டும், சந்தைக்குப் போகட்டும், சும்மா இருக்கட்டும். உத்தரத்தில் நாலு தூளி கட்ட இடம் இருக்கிறது, வரும்போதே பார்த்துவிட்டேன்.

தழும்புள்ள மகளுக்கு இப்போது நாற்பதுக்கு மேல் வயது. கூலிமில் இருக்கிறாள், மூன்று பிள்ளைகள், வேலைக்கும் போகிறாள். இந்த உரையில் அவள் கதையைச் சொல்லலாமா என்று கேட்கப் போன வாரம் போயிருந்தேன். கதவைத் திறந்தால் வழியெல்லாம் செருப்பு. சோபா முழுக்க மடிக்காத துணி. நடுக் கூடத்தில் கடைசிப் பேத்தி மைலோவைக் கொட்டிவிட்டு, அதில் விரலால் ஏதோ வரைந்துகொண்டிருக்கிறாள். மூத்த பேத்தி ஒரு மூலையில் கதைப்புத்தகம் படிக்கிறாள், தலை நிமிரவில்லை.

என் முகத்தைப் பார்த்து மகள் சிரித்தாள். மன்னிப்பெல்லாம் கேட்கவில்லை.

“சொல்லுங்க உம்மா, தாராளமா சொல்லுங்க. முதல்ல அந்தத் துணிய ஒதுக்கிட்டு உட்காருங்க” என்றாள்.

ஒதுக்கிவிட்டு உட்கார்ந்தேன். கோப்பி வரும் வரை நாலு சட்டையை மடித்து வைத்தேன். மீதி அப்படியே கிடந்தது.